நீதிபதி மனசில் ஓடுவது தாளில் ஏறுமா?

(மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிறு மாலை பேசியது. மைக் கோளாறையும் நடுவில் வந்த தேநீரையும் விட்டுவிட்டு மற்றதைக் கிட்டத்தட்டப் பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். நீதியைப் பற்றிப் பேச வந்தவர் பாண்டியனையும் கண்ணகியையும் தொடாமல் மேடையை விட்டு இறங்கக்கூடாது என்று நம்மிடம் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. இன்றைக்கு அவர்கள் ஓய்வெடுக்கட்டும். மதுரைக்குப் போக வேண்டாம், பக்கத்தில் இருக்கிற ஈப்போவே போதும்.

1948 ஜூன் 16-ஆம் தேதி இந்த ஊருக்குப் பக்கத்தில், எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும், மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான், காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார அரசாங்கம் கொண்டுவந்த அவசரகாலம் வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தாத்தாக்கள் பாட்டிகள் அதை வாழ்ந்தோ பெற்றவர் சொல்லிக் கேட்டோ இருப்பீர்கள். ஊரடங்கு, அரிசிப் பங்கீடு, முள்வேலி, ராத்திரி சோதனை. அந்தக் காலத்து கோர்ட்டுகள் எப்படி நடந்தன என்பதை மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கில் போட்டது அந்தச் சட்டத்தில்தான்.

மூன்று ஆண்டு கழித்து, 1952-ல், ஈப்போவில் லீ மெங் என்ற இளம்பெண்ணின் வழக்கு வந்தது. கையெறிகுண்டு வைத்திருந்தாள் என்பது குற்றச்சாட்டு. நீங்கள் தேடுகிற லீ மெங் நானில்லை, ஆள் மாறிவிட்டது என்பது அந்தப் பெண்ணின் பதில். அடையாளம் காட்டிய சாட்சிகளில் முக்கியமானவர்கள் காட்டிலிருந்து சரணடைந்து வந்தவர்கள். அந்தப் பெண்ணுக்காக வாதாடியவர் நம்ம ஈப்போ வழக்கறிஞர் எஸ்.பி. சீனிவாசகம். பேராக்கில் அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அப்போது அங்கே ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுக்கிற குழு, கிடையாது. நீதிபதியோடு அசெஸர் என்று இரண்டு பேர் உட்காருவார்கள். அவர்கள் கருத்துச் சொல்லலாம், ஆனால் நீதிபதி அதற்குக் கட்டுப்பட்டவர் இல்லை. முதல் விசாரணையில் உட்கார்ந்த இருவரும் ஆசியர்கள். குற்றவாளி இல்லை என்று இருவருமே சொன்னார்கள். நீதிபதி ஒத்துக்கொள்ளாமல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாவது விசாரணையில் ஒருவர் வெள்ளைக்காரர், ஒருவர் ஆசியர். வெள்ளைக்காரர் குற்றவாளி என்றார், மற்றவர் இல்லை என்றார், நீதிபதி வெள்ளைக்காரர் பக்கம் சேர்ந்தார். தீர்ப்பு, தூக்கு. இரண்டு விசாரணையையும் கூட்டிப் பாருங்கள். நாலு அசெஸர்களில் மூன்று பேர் விடுதலை என்கிறார்கள், ஒரே ஒருவர் குற்றவாளி என்கிறார், அந்தப் பெண்ணுக்குத் தூக்குத் தண்டனை. மேல்முறையீடும் லண்டனில் கடைசி மேல் கோர்ட்டாக இருந்த பிரிவி கவுன்சிலும் கைகொடுக்கவில்லை. வெளிநாட்டில் கூச்சல் எழுந்து, ஹங்கேரி அரசாங்கம் தன்னிடம் சிறையிலிருந்த ஒரு ஆங்கிலேயரைக் கொடுத்து இவளை வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்கிற அளவுக்குப் போய், கடைசியில் 1953-ல் பேராக் சுல்தான் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். 1964-ல் விடுதலை செய்து சீனாவுக்கு அனுப்பினார்கள்.

அந்த நீதிபதி இனவெறியரா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. மனசாரக் குற்றவாளி என்று நம்பியே தீர்ப்பு எழுதியிருக்கலாம். ஆனால் யார் யார் உட்கார்ந்தார்கள், எவர் என்ன சொன்னார் என்பது தாளில் இருக்கிறது. அது இருப்பதால்தான் எழுபது ஆண்டுக்கு அப்புறமும் நான் இங்கே நின்று விரல்விட்டு எண்ணிக் காட்ட முடிகிறது. நான் இன்றைக்குப் பேச வந்தது இதைப் பற்றித்தான். நீதிபதியின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று எந்த மேல் கோர்ட்டும் பார்க்க முடியாது, தாளில் ஏறியதைத்தான் அது பார்க்கும். ஆகவே ஏற்றவேண்டியதை ஏற்றும் வேலை நம்முடையது. பின்னால் நிற்கிற தம்பிகள், நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்வருவோம், ஏனென்றால் அங்கே எல்லாவற்றையும் சொல்லுக்குச் சொல் எழுதிவைக்கிறார்கள். 1931-ல் அலபாமா மாநிலத்தில் சரக்கு ரயிலில் போன ஒன்பது கறுப்பினப் பையன்கள் மேல் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் கற்பழிப்புக் குற்றம் சொன்னார்கள். ஸ்காட்ஸ்பரோ வழக்கு. இரண்டு வாரத்துக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்து மறுபடி விசாரணை நடந்தபோது, 1933-ல், புகார் கொடுத்த ஒரு பெண்ணே கோர்ட்டுக்கு வந்து அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். அப்படியும் ஜூரி குற்றவாளி என்றுதான் சொன்னது. ஜேம்ஸ் ஹார்ட்டன் என்ற நீதிபதி, அவரும் வெள்ளைக்காரர், அதே அலபாமாக்காரர், சாட்சியத்தை உட்கார்ந்து வரிவரியாகப் படித்து, இது நிற்காது என்று எழுதி அந்தத் தீர்ப்பைத் தள்ளினார். அங்கே நீதிபதிகளை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார்.

அவருக்கு அப்புறம் வழக்கு காலஹன் என்ற நீதிபதியிடம் போனது. ஜூரி உள்ளே போய் யோசிப்பதற்கு முன்னால் நீதிபதி அவர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுப்பார். காலஹன் சொன்னவற்றில் ஒன்று, வெள்ளைக்காரப் பெண் கறுப்பின ஆணுக்கு மனமொப்பி இணங்கியிருக்க மாட்டாள் என்றே நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. அதையும்விட மோசமான ஒன்று உண்டு. குற்றவாளி என்றால் எப்படித் தீர்ப்பு எழுதவேண்டும் என்று விளக்கமாகச் சொன்னவர், குற்றவாளி இல்லை என்றால் எப்படி எழுதவேண்டும் என்று சொல்லவேயில்லை. விட்டுப்போயிற்றாம். வக்கீல் பக்கத்தில் போய் ஞாபகப்படுத்திய பிறகுதான் சொன்னார். அந்த மனிதரிடம் போய் ஐயா உங்களுக்கு இனப் பாரபட்சம் உண்டா என்று கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பார், அதுவும் உண்மையான கோபமாகவே இருந்திருக்கும். விடுதலை என்ற வாய்ப்பே அவர் மனசில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

1935-ல் அதே வழக்கு மறுபடி உச்சநீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஊரில் கறுப்பினத்தவரை ஜூரியில் சேர்ப்பதே இல்லை என்பது வாதம். இல்லையே, பட்டியலில் பெயர் இருக்கிறதே என்றது மாநிலம். அந்தப் பதிவேட்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வழக்குப் பெரிதானதும் அவசரமாகப் பின்னால் நுழைத்த பெயர்கள் அவை. நீதிபதிகள் பூதக்கண்ணாடி வைத்து மாறிமாறிப் பார்த்தார்கள். வாதம் ஜெயித்தது. கறுப்பினத்தவரை ஒதுக்குவது அநியாயம் என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் ஜெயித்திருக்குமா என்பது சந்தேகம், நோட்டைக் காட்டியதால் ஜெயித்தது.

இனி புள்ளிவிவரத்துக்கு வருகிறேன், எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம் இதுதான். வாரன் மெக்ளெஸ்கி என்ற கறுப்பினத்தவர், ஜார்ஜியா மாநிலம், வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றதற்கு மரண தண்டனை. அவருடைய வக்கீல்கள் ஒரு பெரிய ஆய்வைக் கொண்டுவந்து வைத்தார்கள். 1970-களில் அந்த மாநிலத்தில் நடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை எடுத்து, மற்ற காரணங்களையெல்லாம் கழித்துப் பார்த்தால், செத்தவர் வெள்ளைக்காரராக இருந்தால் மரண தண்டனை விழுகிற வாய்ப்பு 4.3 மடங்கு. 1987-ல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் என்ன சொன்னது தெரியுமா? ஆய்வு சரியாகவே இருக்கட்டும், உன் வழக்கில், உன்னை விசாரித்தவர்கள், உன் இனத்தைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தார்கள் என்று நிரூபி. 1991-ல் அவருக்குத் தண்டனை நிறைவேறியது. அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், ஓய்வுபெற்ற பிறகு, எந்த வழக்கிலாவது உங்கள் ஓட்டை மாற்றிப் போடுவீர்களா என்று கேட்டதற்கு இந்த வழக்கைச் சொன்னார். அந்தப் பதிலால் மெக்ளெஸ்கிக்கு என்ன பிரயோசனம்?

இதோடு டுவேன் பக் வழக்கை வைத்துப் பாருங்கள். டெக்சாஸ், 1997. அங்கே மரண தண்டனை கொடுக்க வேண்டுமானால் இவன் இனிமேலும் ஆபத்தானவனாக இருப்பான் என்று ஜூரி முடிவு செய்யவேண்டும். அவருடைய சொந்த வக்கீலே கூப்பிட்ட மனநல நிபுணர், கறுப்பினத்தவர் என்பதால் ஆபத்து அதிகம் என்று புள்ளிவிவரத்தைக் காட்டிச் சாட்சி சொன்னார். சொந்த வக்கீல்! விழுந்தது மரண தண்டனை. ஆக, இனத்தின் கணக்கைக் காட்டி என்னைக் காப்பாற்றுங்கள் என்று மெக்ளெஸ்கி கேட்டபோது தனி ஆளாக நிரூபி என்றார்கள், பக்கை மடக்கவேண்டி வந்தபோது இனத்தின் கணக்கு கூண்டேறிச் சாட்சி சொன்னது. 2017-ல் உச்சநீதிமன்றம் பக்குக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது, அது வேறு விஷயம். இருபது ஆண்டு. ஏன் சாதகமாயிற்று என்றால், அந்த நிபுணர் சொன்னது எழுத்தில் இருந்தது. ஜூரி மனசுக்குள் மட்டும் அதே எண்ணம் ஓடியிருந்தால் பக் எப்போதோ போயிருப்பார்.

இது அமெரிக்கா கதை, நமக்கென்ன என்று யாராவது நினைத்தால், 2013-ஐ ஞாபகப்படுத்துகிறேன். அந்த ஆகஸ்ட் மாதம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் இருப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்ற கணக்கும் கூடவே வந்தது. எப்படி எண்ணினார்கள், யாரைக் கும்பல் உறுப்பினர் என்று வைத்தார்கள், அதெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். நம் வீடுகளில் பிரச்சினை இல்லை என்றும் நான் சொல்லவில்லை, தோட்டம் துண்டாடப்பட்டு தாமான் ஃப்ளாட்டுகளுக்குப் போன குடும்பங்களில் என்ன நடந்தது என்று இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த எண் மாஜிஸ்திரேட்டும் படித்த எண். அரசுத் தரப்பு வக்கீலான டிபிபி-யும் படித்தார், போலீஸ் இன்ஸ்பெக்டரும் படித்தார். கையில் திரிசூலம் பச்சை குத்திய ஒரு பையன் போலீஸ் காவலில் போடுகிற ஆரஞ்சுச் சட்டையோடு முன்னால் வந்து நிற்கும்போது அந்த எண்ணும் அவன் பக்கத்தில் வந்து நிற்கிறது. யாரும் அதைச் சாட்சியாகக் கூப்பிடவில்லை, குறுக்கு விசாரணை செய்ய நமக்கு வாய்ப்பும் இல்லை.

ஒருமுறை இப்படித்தான், எந்த ஊர் கோர்ட் என்று சொல்லப்போவதில்லை, போலீஸ் காவலை நீட்டிக்கக் கேட்கிற ரிமாண்ட் மனுவில் ஒரு பையனுக்காக நின்றேன். மோட்டார் சைக்கிள் திருட்டு. மாஜிஸ்திரேட் பையனின் கையைப் பார்த்துவிட்டு "இனி கேங் மானா?" என்றார். எந்தக் கும்பல் என்று கேட்கிறார். மனுவில் கும்பலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் எழுந்து, தங்கள் கேள்வியையும் அது மனுவில் இல்லாத விஷயம் என்று நான் சொல்வதையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிமாண்ட் என்னவோ போலீஸ் கேட்ட நாலு நாளும் கிடைத்துவிட்டது, நான் ஜெயித்ததாகக் கதைவிட மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அந்த வழக்கில் மறுபடி எழவில்லை, மூன்று நாள் கூடுதலாகக் கேட்டு வந்தபோது போலீஸ் என்ன துப்பறிந்தது என்று ஒழுங்காக விசாரித்து ஒரே நாளோடு நிறுத்தினார்கள்.

ரிமாண்ட் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பதினாலு ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றம் என்றால் முதலில் 4 நாள் வரை, அப்புறம் 3 நாள் வரை. பதினாலோ அதற்கு மேலோ என்றால் 7, மறுபடியும் 7. இது தானாகக் கிடைப்பதில்லை. மாஜிஸ்திரேட் காரணத்தை எழுதவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பிடிபட்டவரோ அவருடைய வக்கீலோ பேச இடம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் பையன்கள் தலையைக் குனிந்து நிற்கிறார்கள். கேட்டால், பேசினால் இன்னும் நாள் கூடிவிடும் என்று லோக்காப்பில் எவனோ சொன்னானாம்.

நம் நாட்டில் ஜூரியை 1995-ல் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் தூக்கு விழக்கூடிய வழக்குகளில் ஏழு பேர் ஜூரியாக உட்காருவார்கள். இப்போது கொலை வழக்கானாலும் உயர்நீதிமன்றத்தில் ஒரே நீதிபதிதான். ஜூரி போனது நல்லதா கெட்டதா என்று கேட்டால், நான் நல்லது என்ற பக்கம். ஜூரி காரணம் சொல்லாது, நீதிபதி காரணம் எழுதியாக வேண்டும். கொலராடோவில் ஒரு வழக்கில் ஜூரி அறைக்குள் ஒருவர், இவன் மெக்சிகோக்காரன், மெக்சிகோ ஆம்பளைங்க வேண்டியதை எடுத்துக்குவாங்க, அதனால் இவன்தான் செய்தான் என்கிற மாதிரி பேசியிருக்கிறார். கூட இருந்த இரண்டு பேர் பின்னால் வக்கீலிடம் சொன்னதால்தான் வெளியே வந்தது. ஜூரி அறைக்குள் பேசியதைக் கிளறக்கூடாது என்பது நூற்றாண்டுக் கணக்கான விதி, அதற்கே 2017-ல் விலக்குக் கொடுக்கவேண்டி வந்தது. நம் நீதிபதியின் தீர்ப்போ கையில் இருக்கிறது, படிக்கலாம், இந்தச் சாட்சியை ஏன் நம்பினீர்கள், அந்தச் சாட்சியை ஏன் நம்பவில்லை என்று மேல் கோர்ட்டில் கேட்கலாம். ஆனால் ஒன்று. "போலீஸ் சாட்சி உண்மை பேசுவதாக அவர் நடத்தையிலிருந்து தெரிகிறது" என்று ஒரு வரி இருந்தால் அதைப் பிடித்து ஆட்டுவது மகா கஷ்டம். தப்பெண்ணம் ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான வரி கிடையாது.

சரி, நீதிபதிக்குப் பாரபட்சம் என்று நேராகவே சொல்ல முடியாதா? முடியும். சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எதிலிருந்து முளைத்தது என்று பாருங்கள். இங்கிலாந்தில் லார்ட் சான்சலர் என்ற உயர்ந்த நீதிப் பதவியில் இருந்த காட்டன்ஹாம் ஒரு கால்வாய்க் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். அவருக்கு அந்தக் கம்பெனியில் பங்கு இருந்தது. 1852-ல் அந்தத் தீர்ப்பு போயிற்று. சிலி நாட்டு முன்னாள் சர்வாதிகாரி பினோசேயின் வழக்கில் லார்ட் ஹாஃப்மன் என்ற நீதிபதிக்கு, வழக்கில் சேர்ந்திருந்த ஆம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்போடு தொடர்பு இருந்தது தெரிந்ததும் அந்தத் தீர்ப்பும் போயிற்று. பங்கு, உறவு, பதவி, இதையெல்லாம் சட்டத்துக்கு நன்றாகக் கண் தெரியும். இனத் தப்பெண்ணத்துக்குப் பங்குப் பத்திரம் கிடையாதே! நம் கூட்டரசு நீதிமன்றம் பார்ப்பது, பாரபட்சம் ஏற்பட உண்மையான அபாயம் இருக்கிறதா என்று. 2022-ல் முன்னாள் பிரதமர் நஜிப் தம் வழக்கில் தலைமை நீதிபதி உட்காரக்கூடாது என்று கேட்டார், 2018 தேர்தலுக்குப் பிறகு அவருடைய கணவர் பேஸ்புக்கில் எழுதியதைக் காட்டி. அபாயம் இல்லை என்று தள்ளினார்கள். பெரிய பெரிய வக்கீல்களை வைத்துக்கொண்டு, அச்சடித்த ஆதாரத்தோடு போனவருக்கே அந்தக் கதி. அந்த முடிவில் தப்பு என்று நான் சொல்லவில்லை. என் கட்சிக்காரன் கூண்டில் நின்று "அந்த ஜட்ஜ் என்னை ஒரு மாதிரியா பார்த்தார்" என்று சொன்னால் எதுவும் நடக்காது என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு வேடிக்கை, நீதிபதியை விலகச் சொல்லும் மனுவைப் பெரும்பாலும் அதே நீதிபதிதான் விசாரிப்பார். அமெரிக்காவில் 36 நீதிபதிகளிடம், தீர்ப்பில் இனப் பாரபட்சத்தைத் தவிர்ப்பதில் இங்கே இருப்பவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எந்த இடம் என்று கேட்டார்கள். 35 பேர் தாங்கள் மேல்பாதியில் என்றார்கள். கணக்கு வாத்தியார் யாராவது இருந்தால் அது எப்படி என்று சொல்லுங்கள். நியாயமாக மற்றதையும் சொல்லிவிட வேண்டும். அதே ஆய்வில் 133 நீதிபதிகளைச் சோதித்ததில், ஊரில் எல்லாருக்கும் உள்ள உள்மனச் சாய்வு அவர்களுக்கும் இருந்தது, ஆனால் விழிப்பாக இருந்தால் தீர்ப்பில் அது தலைகாட்டாமல் அவர்களால் அடக்க முடிந்தது. அந்த விழிப்பை உண்டாக்குவதில் ஒரு பங்கு எழுந்து நின்று "குறித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்கிறவருக்கும் உண்டு என்பது என் நம்பிக்கை.

அடுத்து சொல்வது சிலருக்குப் பிடிக்காது. நம் ஆட்களிடம் ஒரு பேச்சு இருக்கிறது, நம்ம இனம் என்றாலே உள்ளே தள்ளிவிடுவார்கள், வாதாடி என்ன பயன் என்று. தோட்டத்தில், கோப்பிக் கடையில், ஏன், கோர்ட் வாசலில் வைத்தே அம்மாக்கள் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு எத்தனை பையன்களைச் செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறது தெரியுமா? ஜாமீனுக்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் வேண்டும், பால்மரம் வெட்டிய குடும்பத்தில், இப்போது காண்ட்ராக்ட்டில் செம்பனை வேலைக்குப் போகிற குடும்பத்தில், அது சட்டென்று கிடைக்காது. பையன் உள்ளேயே கிடக்கிறான். ஒத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் வெளியே வந்துவிடலாம் என்று யாரோ சொல்கிறார்கள். ஒத்துக்கொள்கிறான். அந்தத் தண்டனையில் இனவெறி பிடித்த நீதிபதி யாருமே இல்லை, நன்றாகப் பாருங்கள், ஒருவர்கூட இல்லை. ஆனால் பையனின் பெயருக்குப் பக்கத்தில் முன் தண்டனை ஏறிவிட்டது, அடுத்த தடவை எந்த நல்ல நீதிபதி வந்தாலும் அதைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார். அப்புறம் நாமே சொல்லிக்கொள்கிறோம், பார்த்தாயா, நான்தான் சொன்னேனே என்று. எனக்கு வருகிற கோபத்தில் பாதி கோர்ட் மேல் என்றால் பாதி இந்தப் பேச்சின் மேல்.

குற்றத்தை ஒத்துக்கொள்ளும்போது, அதன் அர்த்தமும் விளைவும் இவனுக்குப் புரிகிறதா என்று நீதிபதி உறுதிசெய்ய வேண்டும். மலாய் சரளமாக வராது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வாயைத் திறந்து கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் மலாய் படித்தவன்தானே என்று தலையாட்டிவிட்டு வரவேண்டாம், மார்க்கெட் மலாய் வேறு, குற்றப்பத்திரிகை மலாய் வேறு.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் நடந்ததைச் சொல்லி முடித்துக்கொண்டு கேள்விக்குப் போகலாம். டொனால்ட் மார்ஷல் என்ற மிக்மாக் பழங்குடிப் பையன், 17 வயது, 1971-ல் செய்யாத கொலைக்கு ஆயுள் தண்டனை. பதினொரு ஆண்டு உள்ளே இருந்தான். 1983-ல் விடுதலை செய்த மேல்முறையீட்டு நீதிபதிகள், இவன் மேலும் தப்பு இருக்கிறது, அநீதி என்பது பார்வைக்குத்தான் அப்படித் தெரிகிறது என்கிற மாதிரி எழுதிவைத்தார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவர், மார்ஷல் தண்டிக்கப்பட்ட காலத்தில் அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசுத் தரப்பின் தலைமை வக்கீலாக, இருந்தவர்! 1989-ல் அரச விசாரணை ஆணையம், ஒவ்வொரு படியிலும் இந்த அமைப்பு அவனைக் கைவிட்டது, அவன் பழங்குடி என்பது அதற்கு ஒரு காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னது.

இதைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு நம்ம ஈப்போப் பையன் நாகேந்திரன் ஞாபகம் வரும். 42.72 கிராம் ஹெராயினோடு 2009-ல் சிங்கப்பூரில் பிடிபட்டவன், ஐ.க்யூ. 69 என்று கோர்ட்டிலேயே பேசப்பட்டது. தூக்குக்கு முதல் நாள் அவனுடைய தாயார் போட்ட மனுவில் ஒரு வாதம், வழக்கு நடந்த காலத்தில் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர்தான் இன்று மேல்முறையீட்டைக் கேட்ட தலைமை நீதிபதி என்பது. கோர்ட் அதை ஏற்கவில்லை. 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தூக்கு. சிங்கப்பூர் சட்டத்தில் அந்த முடிவுக்கு அவர்கள் காரணம் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் அந்த வாதத்துக்குக் கடைசி நாள் வரை ஏன் காத்திருக்க வேண்டி வந்தது என்பது எனக்கு உறுத்தல்தான்.

இனி கேள்விகள். ஒரு அக்கா கேட்டார், தமிழ் நீதிபதி கிடைத்தால் நமக்கு நல்லதுதானே என்று. ஆசைப்படுவதில் தப்பில்லை அக்கா, ஆனால் அதே நோவா ஸ்கோஷியாவில் கொரின் ஸ்பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் நீதிபதிக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். போலீஸ்காரரைத் தாக்கியதாக ஒரு கறுப்பினப் பையன் மேல் வழக்கு. அரசுத் தரப்பு, போலீஸ்காரர் ஏன் பொய் சொல்லப்போகிறார் என்று கேட்டது. அந்த அம்மா, போலீஸ் கோர்ட்டைத் தவறாக வழிநடத்தியது உண்டு, வெள்ளையரல்லாதவர்களிடம் அளவுக்கு மீறி நடந்ததும் உண்டு, இவர் அப்படி என்று நான் சொல்லவில்லை என்று பதில் சொல்லி, சந்தேகத்தின் பலனைப் பையனுக்குக் கொடுத்தார். உடனே பாரபட்சம் என்று அவர் மேலேயே புகார்! மேலே இரண்டு கோர்ட்டுகள் அதை ஒத்துக்கொண்டன. 1997-ல் கனடா உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்றில்தான் அவரைக் காப்பாற்றியது. இனத்தைப் பற்றி வாயைத் திறக்காத நீதிபதி நடுநிலை, திறந்தவர் பாரபட்சம் என்று ஆகிவிடுகிறது. எனக்கு நல்ல நீதிபதி கிடைத்தால் போதும், எந்த இனமானாலும்.

ஒரு ஐயா, பணமில்லாதவன் வக்கீலுக்கு எங்கே போவது என்றார். பிடிபட்ட அன்றைக்கே, ரிமாண்டுக்கே, குடிமக்களுக்கு இலவசமாக வக்கீல் வருவதற்குத் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை இருக்கிறது, ஒய்.பி.ஜி.கே. என்பார்கள். வீட்டுக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்லப் பையனுக்கு உரிமை உண்டு. போன் வந்தவுடனே எந்த ஸ்டேஷன், எந்த நேரம் பிடித்தார்கள், எந்த அதிகாரி, மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அழுகை அப்புறம்.

கடைசியாக ஒரு தம்பி கேட்டது நல்ல கேள்வி. கட்டாயத் தூக்கை எடுத்துவிட்டார்களே, இனி நீதிபதி தம் விருப்பப்படி தீர்மானிப்பார் என்றால் தப்பெண்ணத்துக்கு இன்னும் இடம் அதிகமாகாதா என்று. ஆகும் தம்பி. 2023 ஜூலை 4-லிருந்து கொலைக்குத் தூக்கு, அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியும், இரண்டில் எது என்று நீதிபதி முடிவு செய்கிறார். முன்பு எல்லாருக்கும் ஒரே கயிறு, இப்போது ஆளைப் பார்க்கிறார்கள். அதற்காகப் பழையதே தேவலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆளைப் பார்க்கப்போகிறார்கள் என்றால் பார்க்கவேண்டிய ஆளை நாம்தான் முன்னால் வைக்கவேண்டும். பள்ளிச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரி அட்டை, அப்பா எப்போது செத்தார், யார் வளர்த்தார்கள், எல்லாவற்றையும் வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். இந்தக் கோயில் தலைவரிடமும் கடிதம் கேட்கலாம். ஆனால் தேதி போட்டு, அடையாள அட்டை எண் போட்டு, எத்தனை ஆண்டாக, எப்படித் தெரியும் என்று எழுதச் சொல்லுங்கள். "நல்ல பையன்" என்று ஒரே வரி எழுதிய கடிதங்களை நீதிபதிகள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.